சைக்கிள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள், எட்டு மாதம் கொடுத்தேன்

2024 ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, கன்னியாகுமரி காந்தி மண்டபத்துக்கு அருகில், சைக்கிளிலிருந்து முழுதாக இறங்காமலேயே ஒரு நல்ல காரியத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். ஒரே ஒரு முறை கொடுப்பதாகத்தான் நினைத்தேன். அதன் பிறகும் மாதம் தவறாமல் என் கணக்கிலிருந்து ஆயிரம் ரூபாய் போய்க்கொண்டிருந்தது டிசம்பரில்தான் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் போனது மொத்தம் ரூ.7,590. அதில் ரூ.3,000 திரும்ப வந்தது. மூன்று அரை நாள் விடுப்பும், பல இரவுகளின் தூக்கமும் இந்தக் கணக்கில் சேராதவை. அந்த டிசம்பரில் யாரிடம் கேட்பது, எங்கே போவது என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிற ஒருவராவது இதைப் படித்துவிட்டுத் தன் பாஸ்புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நாகர்கோவில் வேப்பமூட்டில் காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கும். கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம் பாலம், வழுக்கம்பாறை, பொற்றையடி, கொட்டாரம் வழியாக இருபது கிலோமீட்டர். பொற்றையடி தாண்டும்போது மருந்துவாழ்மலையின் விளிம்பு வெளுக்கத் தொடங்கும்; சூரியன் கடலை விட்டு எழுவதற்குள் குமரி முனைக்குப் போய்விடுவோம். ஏழெட்டுப் பேர். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் இன்றும் ஓட்டுவது கேரியர் வைத்த கறுப்பு சைக்கிள்தான். நான் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவள். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அந்த ஒரு காலைப்பொழுதுதான் வாரத்தில் முழுதாக என்னுடையது.

கன்னியாகுமரியில் சைக்கிள்காரர்களிடம் பணம் கேட்க ஆட்கள் வந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து வருகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிவது இங்கேதான். அண்ணாச்சிக்கு அது இன்னும் பழைய 7-ஆம் எண் சாலை. காஷ்மீரிலிருந்து மிதித்துக்கொண்டு வருகிறவர்கள் கடைசியாகக் கால் ஊன்றுகிற இடம் இது. வெயிலில் தோல் உரிந்த மூக்கு, கேரியரில் கட்டிய கொடி, பின்னால் தொங்குகிற ஒரு பலகை. பலகையில் பெண் கல்வி என்றோ, புற்றுநோய் விழிப்புணர்வு என்றோ, மரம் நடுவோம் என்றோ எழுதியிருக்கும். அவர்களைக் கண்டால் எங்களுக்கு மனம் இளகிவிடும். முன்பின் தெரியாதவருக்கு டீ வாங்கிக் கொடுப்போம், தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வோம். சைக்கிள் என்ற சொல்லுக்கே எங்களிடம் ஒரு கடன் இருக்கிறது. தெருவில் நின்று நன்கொடை கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போதாததற்கு, காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம், பைக்கில் போகிறவர் வேகத்தைக் கூட்டலாம். சைக்கிளில் வருகிறவர் முகத்தைத் திறந்துகொண்டு, பேச்சுக் காதில் விழுகிற வேகத்தில்தான் வருகிறார்.

அன்று மஞ்சள் நிற டி-ஷர்ட் போட்ட மூன்று பேர் நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட். ஒரு பையன், இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது, என் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, “அக்கா, இந்த சைக்கிள் எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டான். காசு கேட்டிருந்தால் போயிருப்பேன். சைக்கிளைப் பற்றிக் கேட்டான். நான் நின்றுவிட்டேன். பிறகு அவன் சொன்ன ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது: “பதினோராம் வகுப்பில் அரசு இலவசமாக சைக்கிள் கொடுத்துவிடுகிறது அக்கா. டியூப் போனால், பிரேக் கட்டை தேய்ந்தால் யார் கொடுப்பார்கள்? மலையோரத்துப் பெண் பிள்ளைகள் மறுபடி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.”

நான் தடிக்காரன்கோணம் பக்கத்தில் வளர்ந்தவள். என் அப்பாவின் பழைய சைக்கிளில், பாருக்கு அடியில் கால் நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவள். பின் டயர் வெடித்துப் போய், புது டயர் வாங்கப் பணம் வருகிற வரை மூன்று வாரம் பள்ளிக்கு நடந்திருக்கிறேன். அந்தப் பையன் சொன்னது பொய் இல்லை. இன்றும் எந்த மேல்நிலைப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய் சைக்கிள் நிறுத்துகிற இடத்தைப் பாருங்கள், ஒரு மூலையில் காற்று இல்லாத சக்கரங்களோடு சில சைக்கிள்கள் சாய்ந்திருக்கும். தேவை உண்மையானதாக இருந்ததால்தான் நான் வேறு எதையும் சந்தேகப்படவில்லை. கேட்கிற காரணம் உண்மையாக இருப்பது வேறு, கேட்கிற அமைப்பு சரியாக இருப்பது வேறு, பணம் எடுக்கிற முறை நேர்மையாக இருப்பது வேறு. மூன்றையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

என்னோடு வந்தவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். ஒருவர் “ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்” என்றார், கொடுத்திருக்கவில்லை. இன்னொருவர், “முதலில் இந்த ரோட்டில் சைக்கிளுக்கு ஓர் ஓரம் ஒதுக்கச் சொல்லுங்கள், பிறகு நன்கொடை கேளுங்கள்” என்று வாதாட ஆரம்பித்துப் பத்து நிமிடம் நின்றார். அவர் கோபம் நியாயம்தான், கேட்டுக்கொண்டிருந்த பெண்ணால் அதற்கு எதுவும் செய்ய முடியாது. எங்களில் இளையவன் ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினான். ரொக்கம் வாங்குவதில்லை என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு நம்பிக்கை இன்னும் கூடியது. அண்ணாச்சி மட்டும் கீழே இறங்கி, ஸ்டாண்டு போட்டு, “எந்தப் பள்ளிக்கூடத்தில் செய்து கொடுத்தீர்கள் மக்கா? ஒரு பெயர் சொல்லு, நான் தபால் கொண்டுபோகாத பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் கிடையாது” என்றார். அவர்களுக்கு ஒரு பள்ளியின் பெயரும் சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்தில் பட்டியல் இருக்கிறது என்றார்கள். அண்ணாச்சி தலையாட்டிவிட்டு டீக்கடைக்குப் போனார். அதே பேச்சு என் காதிலும் விழுந்தது. அப்படியும் நான் போனின் உறையிலிருந்து டெபிட் கார்டை எடுத்தேன்.

“ஆயிரம் ரூபாய்தானே?” என்று கேட்டேன். “ஆமாம் அக்கா, ஆயிரம்தான்” என்றான். டேப்லட்டில் பெயர், கணக்கு எண், கார்டு எண் எல்லாம் பதிந்தான். போனுக்கு ஓடிபி வந்தது, படித்துச் சொன்னேன். ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். பின்னால் சூரியன் எழுகிறது, கூட்டம் கத்துகிறது, என்னோடு வந்தவர்கள் கூப்பிடுகிறார்கள். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ பொடி எழுத்தில் ஓடியது, கட்டத்தில் விரலை வைத்துக் கையெழுத்தும் போட்டேன். அந்த ஓடிபி குறுஞ்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் ‘மேண்டேட்’ என்ற சொல் தெளிவாக இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தேன், எதற்கான எண் என்று பார்க்கவில்லை.

மேண்டேட் என்றால் நாம் வங்கிக்குக் கொடுக்கிற நிலையான சம்மதம். ‘இன்னார் கேட்கும்போதெல்லாம், இவ்வளவு தொகை வரை, இந்தத் தேதி வரை என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடு’ என்று எழுதிக் கொடுப்பது. வீட்டுக் கடன் தவணை, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் இப்படித்தான் போகிறது. ‘நாச்’ என்று வங்கியில் சொல்கிற இந்த முறைக்குக் காகிதப் படிவமும் உண்டு, டெபிட் கார்டும் ஓடிபியும் வைத்து நிமிடத்தில் முடிக்கிற மின்னணு வழியும் உண்டு. யுபிஐ ஆட்டோபே என்பது இதன் இன்னொரு வடிவம், 2020-இல் வந்தது. அதில் முதல் முறை நாம் பின் எண் போட்டுவிட்டால், பிறகு ரூ.15,000 வரையிலான தவணைகளுக்குப் பொதுவாகப் பின் எண் கேட்காது. ஆனால் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும். செயலியிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் நிறுத்திவிடவும் முடியும். என்னுடையது நேராக வங்கிக் கணக்கில் ஏறிய நாச். பணம் போன பிறகு வந்த குறுஞ்செய்திகள்தான் எனக்கு இருந்தன. நகைக்கடை, துணிக்கடை, கடன் வேண்டுமா என்று கேட்கிற செய்திகளுக்கு நடுவில் அவை கிடந்தன.

தெருவில் யாராவது ஓடிபி கேட்டால் அந்தக் குறுஞ்செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படியுங்கள். எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் படியுங்கள். ஒரு முறை கொடுக்கிற நன்கொடைக்குக் கணக்கு எண் தேவையே இல்லை. அறக்கட்டளையின் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் போதும், பின் எண் போடுவதற்கு முன்பே யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பெயர் தெரியும். அங்கே அறக்கட்டளையின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிமனிதரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பிப்ரவரி 7-ஆம் தேதி முதல் ஆயிரம் போனது. அதை நான் பார்த்தேன், எதிர்பார்த்ததுதான் என்று விட்டுவிட்டேன். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஏழு முறை போனதைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கு சைக்கிளுக்கென்று நான் தனியாக வைத்திருந்தது. மாதம் இரண்டாயிரம் போடுவேன், ஏடிஎம் பக்கம் போவதே அபூர்வம். செப்டம்பர் கடைசியில் புது வீல் செட் வாங்கியபோது இருப்பு நான் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. டயர், சர்வீஸ் என்று செலவழித்திருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு கணக்கில் மிஞ்சியது அறுநூற்றுச் சொச்சம். இரண்டு மாதம் பணம் போடவும் முடியவில்லை. அக்டோபர் 7, நவம்பர் 7 இரண்டு தேதிகளிலும் ஆயிரம் கேட்டு வந்து, பணம் இல்லாமல் திரும்பியது. ஒவ்வொரு முறையும் வங்கி ரூ.250 அபராதமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து ரூ.295 பிடித்தது. ஆக என் சம்மதமில்லாமல் போன ஏழாயிரத்தோடு இந்த ரூ.590.

டிசம்பர் முதல் வாரத்தில் பாஸ்புத்தகம் பதிவு செய்யப் போனேன். இயந்திரம் வரி வரியாக அடித்துத் தள்ளியது. ஒரே பெயர், ஒரே தொகை, ஒரே தேதி. அந்த வரிசையில் என் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அச்சகத்தில் மற்றவர்களின் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால்கூடக் கண்டுபிடிக்கிறவள் நான். முதலாளி என்னை நம்பித்தான் கையெழுத்திட்ட காசோலைகளை விட்டுவிட்டுப் போவார். அங்கே அழவில்லை. வடசேரியில் பஸ் ஏறிய பிறகு அழுதேன்.

கிளையில் முதலில் சொன்ன பதில், “நீங்கள்தானே ஓடிபி கொடுத்தீர்கள், நிறுத்த வேண்டுமென்றால் அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்” என்பது. பாதி சரி, பாதி தவறு. நானே ஓடிபி கொடுத்ததால் இது அனுமதியில்லாத பரிவர்த்தனை ஆகாது என்பது சரி. நம் அனுமதியே இல்லாமல் பணம் போயிருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்பதும், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுவதும்தான் வழி. என்னுடையது அந்த வகை இல்லை. ஆனால் இனிமேல் எடுக்காமல் நிறுத்த அந்த நிறுவனத்தின் தயவு வேண்டியதில்லை. வங்கியிலேயே எழுதிக் கொடுத்து மேண்டேட்டை ரத்து செய்யலாம். மறுநாள் மறுபடி அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். இந்த முறை வெறும் வாயோடு போகவில்லை. ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யுஎம்ஆர்என் என்று தனி எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணைக் குறிப்பிட்டு ரத்து செய்யச் சொல்லி இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். முத்திரை விழுந்த பிறகு பேச்சே மாறியது. டிசம்பர் 7 அதிகாலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பணம் கேட்டு வரவில்லை.

வங்கிக்கு எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். நான் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. போக வேண்டியிருந்தால் அந்த முத்திரையிட்ட பிரதிதான் எனக்குக் கை கொடுத்திருக்கும். வாய்ப்பேச்சாகச் சொன்ன புகாருக்கு தேதி கிடையாது.

பணத்தைத் திரும்பப் பெறுவது வேறு கதை. அடையாள அட்டையில் பார்த்த அறக்கட்டளைக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது நாள் எடுத்தவர், தெருவில் நின்றவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, நன்கொடை திரட்டுகிற ஒரு ஏஜென்சியின் ஆட்கள் என்றார். ஏஜென்சிக்குக் கேட்டால், அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அறக்கட்டளையிடம் பேசுங்கள் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் பதினோரு நாள் ஓடியது. கடைசியில் அறக்கட்டளைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கோபத்தை எல்லாம் எடுத்துவிட்டு, தேதி, தொகை, யுஎம்ஆர்என், ‘ஒரு முறை மட்டும் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது’ என்ற வாக்கியம், பாஸ்புத்தகத்தின் படம், இவ்வளவுதான். ஐந்து வாரம் கழித்து, நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லி, கடைசி மூன்று மாதப் பணம் ரூ.3,000 வந்தது. மீதி செலவாகிவிட்டதாம். எந்தப் பள்ளியில் செலவானது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. ரூ.4,590 போனதைவிட இந்தப் பதிலின்மைதான் எனக்கு வலிக்கிறது. எங்கோ ஒரு சைக்கிளுக்கு டியூப் மாட்டியிருந்தார்கள் என்று தெரிந்தால் நான் கணக்கை மூடிவிடுவேன்.

இந்த நாட்களில் நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவருக்குச் சொன்னால் அங்கிருந்து கவலைப்படுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை, வெட்கம். அண்ணாச்சி கேட்ட கேள்வி என் காதிலும் விழுந்திருந்தது என்பதுதான் என்னை வாட்டியது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, சுசீந்திரம் பாலத்தில் நின்று தண்ணீர் குடிக்கும்போது அவரிடம் சொன்னேன். திட்டவில்லை. “ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் மக்களே, நீ அளக்காமல் போட்டாய், அவ்வளவுதானே” என்றார். கொஞ்சம் தூரம் போன பிறகு, எங்களில் இன்னொருவர் மெதுவாக என் பக்கத்தில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து, தனக்கும் மாதம் ஐந்நூறு போய்க்கொண்டிருப்பதாகவும், எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். நான் ஒரு மாதம் முன்பே வாய் திறந்திருந்தால் அவருக்கு அந்த ஐந்நூறு மிஞ்சியிருக்கும்.

கொடுப்பதற்கு முன் நான் இப்போது என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன். தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்கிற, நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் அமைப்பின் பெயரைத் தேடுகிறேன். அங்கே பெயர் இருப்பது நற்சான்றிதழ் இல்லை. பதிவு செய்துகொண்ட அமைப்பு என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதோடு நிற்காமல் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த வரவு செலவும் கேட்கிறேன். நல்ல அமைப்புகள் இதைக் கேட்டால் மகிழ்ச்சியோடு அனுப்புகின்றன. ‘80ஜி வரிச்சலுகை கிடைக்கும்’ என்று தெருவில் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கொடுத்த ஆண்டில் புதிய வரி முறையில் இருந்தேன், அந்த முறையில் அந்தக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. கழிவு கேட்கிறவர்கள் ரசீதோடு நின்றுவிடாமல், நிதியாண்டு முடிந்த பிறகு அமைப்பு தர வேண்டிய நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அண்ணாச்சியின் கேள்விதான்: எந்தப் பள்ளி, எத்தனை சைக்கிள், யார் ரிப்பேர் செய்தார்?

அதே ஜனவரியில் இன்னொன்று நடந்தது. 2024 டிசம்பர் 30-ஆம் தேதி விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு முனையில் கூட்டம் தாங்க முடியவில்லை. நன்கொடை கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். எங்களில் இளையவன், என் கதையைக் கேட்ட சூட்டில், ஒரு பெண் பிள்ளை டேப்லட்டோடு பக்கத்தில் வந்ததும் “திருட்டுக் கூட்டம்” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டான். அந்தப் பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. அவள் அமைப்பு வேறு, கேட்ட காரியமும் வேறு. நான் அவளை டீக்கடைப் பக்கம் அழைத்துப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், படிப்பு முடித்து முதல் வேலை. ஒரு நாளைக்கு மூன்று பேரையாவது பதிய வேண்டும், மாதச் சந்தாவாகப் பதிந்தால்தான் கணக்கில் சேரும், ஒரு முறை கொடுப்பது சேராது என்றாள். அப்போதுதான் எனக்கு அந்தப் பையனின் “ஆமாம் அக்கா, ஆயிரம்தான்” முழுதாகப் புரிந்தது. அவன் மறைத்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவனை அப்படி நிறுத்தியவர்கள் வெயிலில் நிற்கவில்லை என்பதையும் மறக்கவில்லை. அவர்களிடம் கத்தாதீர்கள். “தெருவில் எதையும் பதிவதில்லை அம்மா, அச்சிட்ட தாள் இருந்தால் கொடுங்கள்” என்று சொல்லுங்கள், போதும். பொய் சொல்லவும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்கிறவரை அடுத்த வாரமும் அவர்கள் கேட்கத்தான் போகிறார்கள்.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள், அங்கே கடைவீதிகளில் இது தினசரிக் காட்சி என்றாள். மாதச் சந்தாவுக்குக் கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு, தர்மம், வழிப்பறி இரண்டையும் குறிக்கிற ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து ஒரு கேலிப் பெயரே அங்கே இருக்கிறதாம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: நம் மேண்டேட் போல, கணக்கிலிருந்து நேராகப் பணம் எடுக்கிற முறையில் தவறாகப் பணம் எடுக்கப்பட்டால், வாடிக்கையாளருக்கு வங்கியே முதலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற உத்தரவாதம். எடுத்த அமைப்போடு வங்கி பிறகு பேசிக்கொள்ளும். நான் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் பந்தாக உருண்ட பதினோரு நாளை நினைத்துக்கொண்டேன்.

சைக்கிளுக்காக நிதி திரட்டுவதே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. 2004 சுனாமி எங்கள் கொளச்சலையும் மணக்குடியையும் எப்படி அடித்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மணக்குடியின் பாலமே போனது. அதே அலை இலங்கையையும் அடித்தது. அங்கே மக்கள் மறுபடி வேலைக்கும் பள்ளிக்கும் போவதற்காக சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய முயற்சியிலிருந்து 2005-இல் உருவானதுதான் வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு. பிறகு ஆப்பிரிக்க நாடுகளில் மாணவிகளுக்கும் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் சைக்கிள் கொண்டுபோனது. எல்லாமே யாரோ கொடுத்த பணத்தில் நடந்தவை. முனைக்கு மிதித்து வருகிற நெடுந்தூரக்காரர்களிலும் பெரும்பாலோர் நல்லவர்கள். அவர்களுக்கு நான் இப்போது பணமாகக் கொடுப்பதில்லை. டியூப் வாங்கிக் கொடுக்கிறேன், ஒரு வேளைச் சாப்பாடு, முடிந்தால் நாகர்கோவில் வரை ஒரு துணை. யாரும் இதுவரை வருத்தப்பட்டதில்லை.

போன ஞாயிறு மறுபடி ஒருவர் நிறுத்தினார். பார்வையற்றவர்களை இரட்டை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போகிற திட்டம் என்றார். கேட்கவே ஆசையாக இருந்தது. இறங்கி, ஸ்டாண்டு போட்டு, எந்த ஊரில் செய்கிறீர்கள், எத்தனை சைக்கிள் இருக்கிறது என்று கேட்டேன். ஊர் சொன்னார், எண்ணிக்கை சொன்னார். அச்சிட்ட தாளை வாங்கி ஜெர்சியின் பின் பையில் வைத்துக்கொண்டேன். வியர்வையில் கொஞ்சம் நனைந்து, இப்போது மேசையில் பாஸ்புத்தகத்துக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. நாளை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அதில் இருக்கிற எண்ணுக்குப் பேசப் போகிறேன். அண்ணாச்சியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.